ஒன்பதைக் கும்பிட்ட அரசனும் எயினியின் 'அது'வும்

கேளுங்கள் பெரியவர்களே, அவர்கள் மடியில் உட்கார்ந்திருக்கும் சின்னவர்களே, நீங்களும் கேளுங்கள்.

ஆறுகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்துவிட்டு, மனிதர்கள் ஊர்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியிருந்த காலம். அந்தக் காலத்தில் கொற்றிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை வாகையரையன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான். காரணம் இல்லாமல் யாரையும் தண்டிக்க மாட்டான். காரணம் கிடைக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பான்.

அவனுக்கு மூன்று பெருமைகள் இருந்தன. ஒன்று, தலைநகரை ஒட்டிக் கிடந்த பெரியேரி. இரண்டு, அவனுடைய அவைப்புலவர். அவருக்குச் 'சொற்கொண்டல்' என்று பட்டம். வாயைத் திறந்தால் சொல் மழையாகக் கொட்டும். எதைப் பற்றிப் பேசினார் என்பது மட்டும் கேட்டவர்களுக்கு நினைவிருக்காது. மூன்றாவது பெருமை, அவன் அவையில் யாரும் எதையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை என்பது. அதெல்லாம் சந்தையில் செய்கிற வேலை என்பது அவன் எண்ணம்.

இப்போது பெரியேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் கரை இருபது முழ உயரம். அதற்கு மேல் ஒரு விரல் ஏறினாலும் கரை உடைந்துவிடும். நீரின் ஆழத்தைப் பார்ப்பதற்காக ஏரிக்குள் ஒரு கல்தூண் நட்டு, முழத்துக்கு ஒரு கோடு வெட்டி வைத்திருந்தார்கள்.

ஏரிக்கு நீர் மலைநாட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு பெரிய அணை இருந்தது. ஆடி பிறந்ததும் மலைநாட்டுத் தூதர் காய்ந்த ஆற்றின் மணல்வழியே நடந்து கொற்றிநாட்டுக்கு வருவார். அந்த ஆண்டு ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் வரும் என்று சொல்வார். "எத்தனை நாள் மதகைத் திறக்கட்டும்?" என்று கேட்பார். அரசன் சொல்லும் நாள்வரை மதகு திறந்திருக்கும். பிறகு மூடினால் அடுத்த ஆடியில்தான் திறப்பார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆற்று மணல்தான் இரு நாட்டுக்கும் இடையே ஒரே வழி. இரு பக்கமும் யானைக்காடு. நீர் இறங்கிவிட்டால் வழி மறைந்துவிடும். நடுவில் ஆள் அனுப்பி, "போதும்" என்றோ, "இன்னும் வேண்டும்" என்றோ சொல்ல முடியாது. கூடுதலாகச் சொன்னால் கரை உடைந்து ஊர் போகும். குறைவாகச் சொன்னால் பயிர் போகும்.

இதைக் கணக்கிட்டுச் சொல்ல முன்பு ஒரு நீர்க்கணக்கர் இருந்தார். அவர் இறந்ததும் அந்தப் பதவியையும் சொற்கொண்டலுக்கே கொடுத்தார்கள். அவையில் ஓர் இருக்கை மிச்சமாயிற்று என்று அரசன் மகிழ்ந்தான்.

அந்த ஆண்டு ஆடி வந்தது. தூதர் கோடன் வந்தார். மலைநாட்டில் எதையும் அலங்காரமாகச் சொல்வதுதான் மரியாதை. ஆகவே அவர் அவை நடுவே நின்று சொன்னார்:

"அரசே, எங்கள் மலைமகள் நாளுக்கு மூன்று முழம் நீர்ப்பட்டு நெய்து அனுப்புவாள். வழியில் மணல் என்னும் கள்வன் நாளுக்கு ஒரு முழத்தைக் கிழித்துக்கொள்வான். மிச்சமெல்லாம் உங்கள் ஏரிமகளுக்கு. அவள் உடல் மறையும்வரை நெய்ய வேண்டும். எத்தனை நாள் நெய்யட்டும்?"

அவை சிலிர்த்தது. பிறகு விவாதம் தொடங்கியது.

முதல் நாள், மணல் கள்வனா, காதலனா என்று பேசினார்கள். இரண்டாம் நாள், ஆடி மாதத்தில் பெண்ணுக்குப் பட்டெடுத்துக் கொடுக்கலாமா என்று பேசினார்கள். மூன்றாம் நாள், பட்டு என்ன நிறமாக இருக்கும் என்று சொற்கொண்டல் விடியலிலிருந்து மாலைவரை பாடினார். மூன்று நாளும் விருந்து சாப்பிட்டுக் கோடனுக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று.

அவையின் கடைசி வரிசையில் எயினி என்று ஒருத்தி இருந்தாள். நாளும் கோளும் பார்த்துச் சொல்லும் கணியர் குடும்பத்தவள். கிரகணம் என்றைக்கு வரும் என்று அவள் சொன்னால் அன்றைக்கு வரும். கிரகணம் வராத நாட்களில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. மூன்றாம் நாள் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது அவள் எழுந்து வெளியே போனாள். ஏரிக்குள் இறங்கிக் கல்தூணைப் பார்த்தாள். நனைந்த பாதங்களோடு திரும்பி வந்தாள்.

"அரசே, ஏரியில் இப்போது இரண்டு முழம் நீர் இருக்கிறது" என்றாள்.

அதுவரை ஏரியை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எயினி தரையில் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்தாள். "எத்தனை நாள் என்பது நமக்குத் தெரியாது. தெரியாததை இப்போதைக்கு 'அது' என்று வைத்துக்கொள்வோம்" என்றாள்.

சொற்கொண்டல் எழுந்தார். "தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைப்பதா? முகம் தெரியாத பிள்ளைக்குக் காது குத்துவதா? அதன் நிறம் என்ன? குணம் என்ன?"

"ஐயா, அதற்கு நிறமும் இல்லை, குணமும் இல்லை. அது ஓர் எண். ஒளிந்திருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தானே வெளியே வரும்?"

அரசனுக்கு இது பிடித்திருந்தது. "கூப்பிடு, பார்ப்போம்" என்றான்.

எயினி கோட்டுக்கு இடப்பக்கம் காட்டினாள். "இந்தப் பக்கம் ஏரியில் சேரும் நீர். நாளுக்கு மூன்று முழம் வருகிறது, ஒன்று மணலுக்குப் போகிறது. நமக்கு மிஞ்சுவது இரண்டு. அப்படி 'அது' நாட்கள் வந்தால் இரண்டு மடங்கு 'அது'. அதோடு ஏற்கெனவே இருக்கும் இரண்டு முழம்." பிறகு வலப்பக்கம் காட்டினாள். "இந்தப் பக்கம் நமக்கு வேண்டிய நீர். இருபது முழம். இரண்டு பக்கமும் தராசுத் தட்டுப்போல் சமமாக இருக்க வேண்டும்."

அவை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"இரண்டு தட்டிலிருந்தும் இரண்டிரண்டு முழத்தை எடுத்துவிடுகிறேன். தராசு சாயாது. இந்தப் பக்கம் இரண்டு மடங்கு 'அது'. அந்தப் பக்கம் பதினெட்டு. இரண்டு மடங்கு பதினெட்டு என்றால் ஒரு மடங்கு ஒன்பது. அரசே, ஒன்பது நாள் திறக்கச் சொல்லுங்கள்."

தூதர் கோடன் ஒன்பதைச் சுமந்துகொண்டு மலையேறினார். நீர் வந்தது. ஒன்பதாம் நாள் மாலை கல்தூணின் இருபதாம் கோட்டைத் தொட்டு நின்றது. ஒரு விரல் கூடவில்லை. ஒரு விரல் குறையவில்லை.

ஊர் கூத்தாடியது. எயினிக்குப் பட்டாடை போர்த்தினார்கள். அந்த மரியாதை ஒரு நாழிகை நீடித்தது. பிறகு சொற்கொண்டல் எழுந்தார்.

"அரசே, வானத்தில் கோள்கள் எத்தனை? ஒன்பது. மண்ணில் மணிகள் எத்தனை? ஒன்பது. பயிரில் தானியங்கள் எத்தனை? ஒன்பது. ஏரியைக் காக்கும் எண்ணும் ஒன்பதாகத்தானே இருக்க முடியும்! மூன்று நாளும் நான் அதைத்தான் குறிப்பாகப் பாடினேன்."

அரசன் கண் கலங்கினான். அன்றே ஏரிக்கரையில் ஒன்பதுக்கு ஒரு மண்டபம் கட்ட ஆணையிட்டான். ஒன்பது தூண்கள், ஒன்பது விளக்குகள், ஒன்பது வேளைப் பூசை. நாட்டில் ஒன்பதாவதாகப் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அரண்மனையிலிருந்து தொட்டில் போயிற்று. எட்டோடு நிறுத்தியிருந்தவர்கள் வருந்தினார்கள்.

தரையில் எயினி கிழித்த கோட்டை அன்று மாலையே துடைப்பம் போட்டுக் கழுவிவிட்டார்கள்.

அடுத்த ஆடி வந்தது. தூதர் கோடன் வந்தார்.

"அரசே, இந்த ஆண்டு மலைமகள் மெலிந்திருக்கிறாள். நாளுக்கு இரண்டு முழம்தான்..."

"ஒன்பது" என்றான் அரசன்.

"அரசே, நான் இன்னும் முடிக்கவில்லை."

"நாம் முடித்துவிட்டோம். ஒன்பது."

கடைசி வரிசையில் எயினி எழுந்தாள். இந்த முறை அவள் அவைக்கு வரும் முன்பே ஏரியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "அரசே, ஏரியில் நான்கு முழம் இருக்கிறது. வருவது இரண்டு, மணலுக்கு ஒன்று. மிஞ்சுவது நாளுக்கு ஒரு முழம். இருபதுக்கு இன்னும் பதினாறு வேண்டும். இந்த ஆண்டு 'அது' பதினாறு" என்றாள்.

அரசன் புருவத்தைச் சுருக்கினான். "போன ஆண்டு ஒன்பது என்றது யார்?"

"நான்தான், அரசே."

"அப்படியானால் அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?"

"இரண்டும் உண்மைதான், அரசே. அன்றைய 'அது' வேறு, இன்றைய 'அது' வேறு."

சொற்கொண்டல் சிரித்தார். "ஆண்டுக்கு ஆண்டு மாறுகிற ஒன்றை நம்பியா நாடு நடத்துவது? ஒன்பது மாறியதுண்டா? நேற்றும் ஒன்பது, இன்றும் ஒன்பது. அதுவல்லவா நேர்மை!"

அவை கைதட்டியது. எயினி நின்றுகொண்டே இருந்தாள். போன ஆண்டு இதே அவை இதே கைகளால் தனக்குத் தட்டியது அவளுக்கு நினைவு வந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது நாள் நீர் வந்தது. நான்கு முழம் பதின்மூன்று முழமாயிற்று. அதற்கு மேல் ஏறவில்லை. ஏரிக்கு மேற்கே அருகிலிருந்த வயல்கள் தப்பின. கிழக்கே, வாய்க்கால் முடியும் கடைமடையில் இருந்த ஊர்களுக்குச் சொட்டு நீர் போகவில்லை. நட்ட பயிர் நின்றபடியே கருகியது. கடைமடைக்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வேற்று நாட்டுக்கு நடந்தார்கள். எயினி ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்தாள். ஒரு வீட்டு வாசலில் விதைக்கோட்டை பிரிக்கப்பட்டுக் கிடந்தது. அடுத்த பருவத்துக்கென்று கட்டி வைத்த விதைநெல்லைக் குத்திக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அரண்மனையில் விசாரணை நடந்தது. தவறு யாருடையது? அரசனுடையதாக இருக்க முடியாது. ஒன்பதினுடையதாகவும் இருக்க முடியாது. மிஞ்சியது ஏரிதான். "எண் சரி. ஏரி தவறு" என்று சொற்கொண்டல் தீர்ப்பெழுதினார். ஏரியைத் திருத்தும் பொறுப்பை எயினியிடம் ஒப்படைத்தார்கள். கரையும், மதகும், ஆறு ஏரியில் வந்து சேரும் ஆற்றுமுகமும் இனி அவள் பார்வையில் இருக்க வேண்டும். அவையில் அவளுக்கு இனி இடமில்லை.

இது தண்டனை என்று அரண்மனை நினைத்தது. எயினி ஏரிக்கரையில் குடியேறினாள். ஓராண்டு முழுவதும் நீரைப் பார்த்தாள். எந்த வாய்க்கால் எவ்வளவு நீரை இழுக்கிறது என்று அளந்தாள். ஒரு மாடு குறுக்கே படுக்கும் அகலத்தில் ஒரு வாய்க்கால் இருந்தால், அது நாளுக்கு ஒரு முழம் ஏரிநீரை இழுத்துவிடும் என்று கண்டுகொண்டாள்.

மூன்றாம் ஆண்டு ஆடி வந்தது. தூதர் கோடன் இந்த முறை ஓட்டமும் நடையுமாக வந்தார். நீர் குடிக்க ஏரிக்கரையில் நின்றவரை எயினி பார்த்தாள்.

"என்ன ஐயா இத்தனை அவசரம்?"

"மேலே பேய்மழை, அம்மா. மதகைத் திறந்தால் நாளுக்கு ஐந்து முழம் வரும். மணல் வழக்கம்போல் ஒரு முழம்தான் குடிக்கும்."

"இதை இப்படியே அவையில் சொல்லுங்கள் ஐயா. பட்டு, கள்வன் எல்லாம் வேண்டாம்."

"அலங்காரம் இல்லாமல் பேசினால் உட்காரவே சொல்ல மாட்டார்கள், அம்மா" என்றார் கோடன்.

எயினி கல்தூணைப் பார்த்தாள். இரண்டு முழம். நாளுக்கு மிஞ்சுவது நான்கு. நான்கு மடங்கு 'அது', கூட இரண்டு, இருபது. இரண்டு பக்கமும் இரண்டை எடுத்தால் நான்கு மடங்கு 'அது' பதினெட்டு. ஆக, 'அது' நான்கரை. ஒன்பது நாள் திறந்தால் ஏரி முப்பத்தெட்டு முழத்துக்கு ஏறப் பார்க்கும். இருபது முழக் கரை அதைத் தாங்காது. கரைக்குக் கீழே தலைநகரம். தொட்டில் போன வீடுகளில் பலவும் அங்கேதான் இருந்தன.

அவளுக்கு அவையில் இடமில்லை. இருந்தும் ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அரசன் ஏற்கெனவே "ஒன்பது" என்று சொல்லிவிட்டிருந்தான். மங்கல வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது.

"அரசே, நான்கரை நாள் போதும்! ஒன்பது நாள் திறந்தால் ஊர் மூழ்கிவிடும்!" என்று வாசலில் நின்று கத்தினாள்.

வாத்தியம் நின்றது.

"நான்கரையா?" என்றான் அரசன். "அரை நாளைக்கு மலைநாட்டிடம் கை நீட்டும் அளவுக்கா கொற்றிநாடு தாழ்ந்துவிட்டது?"

"அரசே, கெஞ்சிக் கேட்கிறேன். ஏரியை ஒரு முறை வந்து பாருங்கள்."

"பார்ப்போம். ஒன்பதாம் நாள் வருவோம். முழு ஏரியைப் பார்ப்போம். போய் வா."

காவலர் அவளை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். தூதர் கோடன் பின்னாலேயே வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, அரசன் சொன்ன எண்ணைத்தான் நான் மேலே சொல்ல முடியும். மாற்றிச் சொன்னால் என் தலை போகும், இரு நாட்டு நீர் ஒப்பந்தமும் போகும்."

"மாற்ற வேண்டாம். எண் அப்படியே போகட்டும். எனக்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் வேண்டும்."

கோடன் யோசித்தார். "என் காலில் ஒரு முள் தைத்துவிட்டது. மெல்லத்தான் நடக்க முடியும்" என்றார். நன்றாக இருந்த காலை நொண்டி நொண்டி எடுத்து வைத்துக்கொண்டு மணலில் இறங்கினார்.

எயினி ஏரிக்கரையில் உட்கார்ந்தாள். முதலில் அழுதாள். பிறகு மணலில் தன் கோட்டைக் கிழித்தாள்.

இதுவரை நாள்தான் தெரியாதது, மற்றதெல்லாம் தெரிந்தது. இப்போது நாளை அரசன் ஆணியடித்து வைத்துவிட்டான். ஒன்பது. இனி அது அசையாது. சரி, அசையாதது அங்கேயே இருக்கட்டும். வேறு எதை அசைக்கலாம்? ஏரிக்கு வருகிற நீரில் கொஞ்சத்தை ஆற்றுமுகத்திலேயே வேறு பக்கம் திருப்பினால்? எவ்வளவு திருப்ப வேண்டும்? தெரியாது. தெரியாததற்கு ஒரு பெயர் அவளிடம் தயாராக இருந்தது.

நாளுக்கு மிஞ்சும் நான்கில் 'அது' போனால் மீதி ஏரிக்கு. அந்த மீதி ஒன்பது மடங்கு, கூட இரண்டு, இருபது. இரண்டை எடுத்தால் ஒன்பது மடங்கு மீதி பதினெட்டு. ஒரு மடங்கு இரண்டு. நான்கில் 'அது' போக இரண்டு நிற்க வேண்டும். 'அது' இரண்டு.

இரண்டு வாய்க்கால். மாடு குறுக்கே படுக்கும் அகலம். ஆற்றுமுகத்திலிருந்து வெட்ட வேண்டும். எங்கே விடுவது? போன ஆண்டு கருகிப்போன கிழக்குக் கடைமடைக்கே விடலாம்.

அவள் கடைமடைக்கு ஓடினாள். அங்கே ஊர்த்தலைவர் அழிசி ஒரு வெற்று வயல் வரப்பில் நின்றிருந்தார். பாதி ஊர் போய்விட்டது. மீதி ஊர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. எயினி விஷயத்தைச் சொன்னாள். அழிசி கேட்டுவிட்டுக் கசப்பாகச் சிரித்தார்.

"போன ஆண்டும் அரண்மனையிலிருந்து ஓர் எண் வந்தது அம்மா. எங்கள் பயிரைத் தின்றுவிட்டுப் போயிற்று. இப்போது நீங்கள் இன்னோர் எண்ணோடு வருகிறீர்கள். அரசருடைய ஊர்தானே மூழ்கப் போகிறது? மூழ்கட்டுமே."

"அந்த ஊரில் அரசர் மட்டுமா இருக்கிறார் ஐயா? அரண்மனை மேட்டில் இருக்கிறது. அது மூழ்காது. மூழ்கப் போவது குயவர் தெருவும் நெசவுத் தெருவும்தான்."

அழிசி தலைநகரம் இருந்த திசையைப் பார்த்தார். அவருடைய மகளைக் குயவர் தெருவில்தான் கொடுத்திருந்தார். பிறகு கேட்டார். "ஏன் இரண்டு? இத்தனை வெட்டுகிறோம், மூன்றாக வெட்டிவிட்டால் எங்களுக்கு இன்னும் நீர் வருமே?"

எயினிக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மூன்று ஆண்டுகளில் அவளிடம் ஒருவர் "ஏன்" என்று கேட்பது அதுதான் முதல் முறை.

"மூன்று வெட்டினால் ஏரிக்கு நாளுக்கு ஒரு முழம்தான் போகும். ஒன்பது நாளில் ஒன்பது, ஏற்கெனவே இருப்பது இரண்டு, பதினொன்றில் நின்றுவிடும். மேற்கே பயிர் கருகும். ஒன்று வெட்டினால் நாளுக்கு மூன்று போகும். இருபத்தேழும் இரண்டும் இருபத்தொன்பது. கரை போய்விடும். இரண்டு வெட்டினால் பதினெட்டும் இரண்டும் இருபது. நீங்களே போட்டுப் பாருங்கள் ஐயா."

அழிசி குனிந்து, ஒரு குச்சியால் மண்ணில் தானே போட்டுப் பார்த்தார். ஒரு முறை தப்பினார். அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"மண்வெட்டிகளை எடுங்கள்" என்று ஊரைப் பார்த்துச் சொன்னார்.

ஆண்கள் வெட்டினார்கள். பெண்கள் மண் சுமந்தார்கள். அகலம் சரியா என்று பார்க்க ஒரு கிழட்டு மாட்டைக் குறுக்கே படுக்க வைத்தார்கள். அது நகர மறுத்ததால் அந்த இடத்தில் மட்டும் வேலை கொஞ்சம் தாமதமாயிற்று. மேலே கோடன் நொண்டிக்கொண்டு போனார். இரண்டாவது வாய்க்காலின் கடைசிக் கூடை மண்ணைக் கொட்டிய அன்று பிற்பகல், ஆற்றின் வளைவில் நுரையோடு நீர் தெரிந்தது.

வந்த நீர் இரண்டு வாய்க்காலிலும் புகுந்தது. கடைமடையின் வெடித்த நிலம் அதைக் குடிக்கும் ஓசை வரப்புவரை கேட்டது. மீதி ஏரிக்குப் போயிற்று. எயினி கல்தூணைவிட்டு நகரவில்லை. ஐந்தாம் நாள் பன்னிரண்டு முழம். ஏழாம் நாள் பதினாறு. அழிசி வந்து பக்கத்தில் நின்றார். "கணக்குத் தப்பாதே, அம்மா?" என்றார். "கணக்குத் தப்பாது ஐயா. வாய்க்காலை நான் அளந்ததில் பிழை இருந்தால்தான் தப்பும்" என்றாள். சொல்லிவிட்டுத் தூணின் கோடுகளை மறுபடியும் எண்ணினாள்.

ஒன்பதாம் நாள் மாலை, மலையில் மதகு மூடப்பட்டது. ஏரி நீர் இருபதாம் கோட்டைத் தொட்டு, கொஞ்சம் அலைந்து, நின்றது.

அப்போது யானைமேல் அரசன் வந்தான். பின்னால் ஒன்பது கொடி, ஒன்பது குடை. அரசன் ஏரியைப் பார்த்தான். கரையைப் பார்த்தான். பிறகு எயினியைப் பரிவோடு பார்த்தான்.

"இப்போதாவது புரிந்ததா? ஐந்து முழம் வந்தால் என்ன, ஐம்பது வந்தால் என்ன? ஒன்பது ஒன்பதுதான்."

சொற்கொண்டல் அங்கேயே நின்று ஒரு பாட்டைத் தொடங்கினார். ஏரி அடக்கமாக எண்ணுக்குக் கட்டுப்பட்டு நின்றது என்று பொருள் வரும் பாட்டு. அரசன் அவருக்குத் தன் கழுத்திலிருந்த நவமணி மாலையைக் கழற்றிப் போட்டான்.

பாட்டு முடிந்ததும் அவன் கண்ணில் ஆற்றுமுகம் பட்டது. "அங்கே என்ன பள்ளம்?"

"வாய்க்கால், அரசே. நான் வெட்டியது" என்றாள் எயினி.

"யாரைக் கேட்டு?"

"ஏரியைத் திருத்தும் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்திருந்தீர்கள், அரசே."

அரசன் யோசித்தான். தண்டிக்க ஒரு காரணம் கிடைத்ததா, இல்லையா என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. மங்கல நாளாகவும் இருந்தது. "உத்தரவில்லாமல் வெட்டியதால் காலம் முழுக்க அதை நீயே பராமரிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு யானையைத் திருப்பினான்.

அழிசிக்கு ரத்தம் கொதித்தது. ஊர்வலத்தின் பின்னால் ஓடி உண்மையைக் கத்திச் சொல்ல அடியெடுத்து வைத்தார். எயினி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் ஐயா."

"ஏன் அம்மா? உங்களால் பிழைத்த ஊர் அந்தப் புலவரைத் தூக்கிக்கொண்டு போகிறதே!"

"ஊரைக் காப்பாற்றியது இரண்டுதான் என்று தெரிந்தால், நாளை முதல் அரசர் இரண்டைக் கும்பிடத் தொடங்கிவிடுவார். ஒன்பதுக்காவது மண்டபம் கட்டி முடித்துவிட்டார்கள்."

அழிசி சிரித்துவிட்டார். சிரித்தபோது அவர் கண்ணில் நீர் வந்தது. எயினியும் சிரித்தாள். ஆனால் மேளச் சத்தம் ஊருக்குள் போய் மறையும்வரை அந்தத் திசையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் மனுஷிதானே? ஒருவராவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அதன் பிறகு வாகையரையன் நெடுங்காலம் ஆண்டான். ஒவ்வோர் ஆடியிலும் தூதர் வந்தார். ஒவ்வோர் ஆடியிலும் அரசன் "ஒன்பது" என்றான். அவையில் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஏரிக்கரையில் எயினியும் கடைமடைக்காரர்களும் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். மழை மிஞ்சிய ஆண்டில் எத்தனை வாய்க்காலைத் திறப்பது என்பது 'அது'. மழை குறைந்த ஆண்டில், வருகிற நீருக்கு எத்தனை வயல் நடுவது என்பது 'அது'. சில ஆண்டுகளில் அவர்கள் தப்பாகவும் போட்டார்கள். அழித்துவிட்டு மறுபடி போட்டார்கள். மேற்கே இருந்தவர்களும் மெல்ல மெல்ல வந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கரை உடையவில்லை. யாரும் விதைநெல்லைக் குத்திக் கஞ்சி வைக்கவில்லை.

அரசன் கடைசி மூச்சுவரை, தன் நாட்டை ஒன்பதுதான் காக்கிறது என்று நம்பி நிம்மதியாக இறந்தான். சொற்கொண்டல் ஒன்பது நாள் இரங்கல் பாடினார்.

ஆகவே, கேட்டவர்களே, இந்தக் கதையின் நீதி இதுதான்: கேள்வி மாறிப்போனது தெரியாமல் பழைய விடையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நன்றாக வாழ்கிறான் என்றால், கேள்வியைப் புரிந்துகொண்ட வேறு யாரோ அவனுக்காக மண் சுமந்துகொண்டிருக்கிறார் என்று அறிக.